பசையை மாற்றினால் பல் நிற்குமா?

பாடாங் செராய் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 54. செம்பனை ஆலையொன்றின் பட்டறையில் ஃபிட்டர். பத்து ஆண்டுகளாக இனிப்பு நீர் நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். மேல் வரிசையின் நடுவில் இருக்கும் இரண்டு முன்பற்களில் இடப்பக்கத்துப் பல், பழைய அடைப்போடு சேர்ந்து ஈறுக்குப் பக்கத்தில் முறிந்துவிட்டது. தனியார் கிளினிக் ஒன்றில் வேர் சிகிச்சை செய்து, வேருக்குள் வெள்ளை நிறத்தில் ஒரு ஃபைபர் ஆணியைப் பொருத்தி, அதன்மேல் கேப் போட்டிருக்கிறார்கள். மொத்தச் செலவு ஏறக்குறைய 2,000 ரிங்கிட்.

கேப் போட்ட ஏழாம் மாதத்தில் தீபாவளி முறுக்கைக் கடித்தபோது கேப்பும் ஆணியும் சேர்ந்து கையோடு வந்துவிட்டன. அதே கிளினிக்கில் பத்தே நிமிடத்தில், காசு வாங்காமல், திரும்ப ஒட்டிக் கொடுத்தார்கள். மூன்று வாரம் தாங்கியது. அடுத்த முறை இவர் கிளினிக்குக்குப் போகவில்லை. பட்டறையிலிருந்த சூப்பர் குளூவால் தானே ஒட்டிக்கொண்டார். அது ஒன்பது நாள் நின்றது. இப்போது கேப் ஒரு மாத்திரை டப்பாவில் இருக்கிறது. அவர் கேட்பவை நான்கு: ஃபைபர் என்பதே மட்டமான சரக்கா, இரும்பு ஆணி கேட்க வேண்டுமா? இதைவிடப் பலமான பசை இல்லையா? கொடுத்த பணத்தைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் கேட்டு வாங்க முடியுமா? மைத்துனர் சொல்வதுபோல் பல்லைப் பிடுங்கிவிட்டு இம்பிளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) போட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனமா?

ஐயா, உங்கள் கடிதத்தோடு வந்த படத்துக்கு முதலில் நன்றி. ஆணி முதல்முறை விழுந்த அன்றே அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறீர்கள். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஆணியைக் கழுவித் துடைத்து, டிஷ்யூவில் சுற்றிக் கொண்டுவருவார்கள். பார்க்க வேண்டிய தடயம் எல்லாம் அதிலேயே போய்விடும். உங்கள் படத்தைப் பற்றிக் கீழே பேசுகிறேன். அதற்கு முன் அந்த சூப்பர் குளூ.

திட்டவில்லை. இந்த ஊரில் உங்களுக்கு முன்பும் பலர் அதைச் செய்திருக்கிறார்கள், படித்தவர்கள் உட்பட. ஆனால் இனிமேல் வேண்டாம். அந்தப் பசை ஈரம் பட்டதும் நொடியில் இறுகும். கேப் ஒரு மயிரிழை கோணலாக உட்கார்ந்தாலும் கீழ்ப்பல் ஒவ்வொரு கடியிலும் அதைத்தான் முதலில் இடிக்கும். அந்த இடியில் வேரே பிளக்கலாம். வீட்டுப் பசை வாய்க்குள் போடுவதற்குச் செய்யப்பட்டதும் அல்ல. இன்னொன்றும் இருக்கிறது: அடுத்து ஒட்டப் போகிறவர் வேரின் உட்சுவரில் காய்ந்து கிடக்கும் அந்தப் பசையைச் சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டும்போது நல்ல பல்லும் கொஞ்சம் போகும். உங்களிடம் மிச்சமிருக்கும் பல் ஏற்கெனவே குறைவு. பிளேடாலோ தின்னராலோ நீங்களே சுத்தம் செய்ய முயலாதீர்கள்.

இரும்பு ஆணிதான் பலமா?

உங்கள் கீழ்க் கடைவாய்ப் பல்லில் 18 வருடமாக ஓர் உலோக ஆணி அசையாமல் இருக்கிறது, ஃபைபரோ ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை என்கிறீர்கள். கணக்கு சரிபோலத்தான் தெரியும். ஆனால் கடைவாய்ப் பல்லின்மேல் விழும் சுமை பெரும்பாலும் மேலிருந்து கீழாக இறங்குகிறது. மேல் முன்பல்லைக் கீழ்ப்பல் உள்பக்கத்திலிருந்து முன்னோக்கி நெம்புகிறது. கடப்பாரையை நேராக ஊன்றுவதும் அதையே பக்கவாட்டில் நெம்புவதும் ஒன்றா என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு, அந்தக் கடைவாய்ப் பல்லில் மேலே எவ்வளவு பல் மிச்சமிருந்தது என்பதும் நமக்குத் தெரியாது.

நீங்கள் ஃபிட்டர் என்பதால் எண்ணாகவே சொல்கிறேன். பல்லின் உட்பகுதியை டென்டின் என்போம். அதன் விறைப்பு சுமார் 18 கிகாபாஸ்கல். துருப்பிடிக்காத எஃகு சுமார் 200. ஃபைபர், அதாவது கண்ணாடி இழை ஆணி, தயாரிப்பைப் பொறுத்து, 20 முதல் 45 வரை. ஆணி பல்லோடு சேர்ந்து கொஞ்சம் வளைந்து கொடுத்தால் சுமை வேர் முழுவதும் பரவுகிறது. வளையாத எஃகு, சுமையை வேரின் அடியில் ஒரே இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. அதனால்தான் உலோக ஆணி போட்ட பல் தோற்கும்போது பல நேரம் வேர் நெடுக்காகப் பிளந்துவிடுகிறது. பிளந்த வேரைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. ஃபைபர் ஆணி தோற்கும்போது பெரும்பாலும் ஒட்டு விட்டுப்போய்க் கழன்று விழுகிறது. உங்களுக்கு இரண்டு முறையும் அதுதான் நடந்தது. எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் வேர் இன்னும் கையிலிருக்கிறது என்றால் அந்த வளைவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

ஃபைபர் ஆணி நேற்று வந்ததும் அல்ல. பிரான்சில் 1980-களின் இறுதியில் உருவானது. ஆரம்பத்தில் கருப்பான கார்பன் இழையில் செய்தார்கள். முன்பல்லில் நிழல் தட்டுகிறது என்பதால் பிறகு கண்ணாடி இழைக்கும் குவார்ட்ஸ் இழைக்கும் மாறினார்கள். மட்டச் சரக்கு இல்லை. ஆனால் உலோக ஆணி இறுக்கத்தில் நின்றுவிடும், ஃபைபர் ஆணி ஒட்டில்தான் நிற்கும். ஒட்டும் வேலையில் கொஞ்சம் சோம்பினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

ஒட்டு எங்கே விட்டுப்போனது?

இப்போது உங்கள் படம். ஆணியின் மேல் நுனி முதல் அடி வரை பசை ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. ஆகவே ஆணியும் பசையும் பிரியவில்லை. பசைக்கும் வேரின் சுவருக்கும் நடுவில்தான் விட்டிருக்கிறது. மொட்டையாக, வழவழவென்று வந்திருந்தால் வேறு கதை. ஃபைபர் ஆணிகள் கழலும்போது பெரும்பாலும் நீங்கள் காட்டியிருக்கும் இடத்தில்தான் விடும்.

அதனால் “இன்னும் பலமான பசை” என்ற உங்கள் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும். சிறுவயதில் அப்பாவின் சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டியதை நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். ரப்பரைத் தேய்க்காமல், தூசி துடைக்காமல், சொல்யூஷன் காயும்வரை பொறுக்காமல் ஒட்டினால் எந்தக் கம்பெனிச் சொல்யூஷனும் தோட்டத்து வாசலைத் தாண்டாது. வேருக்குள்ளும் அப்படித்தான், இடம்தான் மிக மோசம்: இருட்டு, ஈரம், அகலம் ஒன்றரை மில்லிமீட்டர், ஆழம் ஏழெட்டு மில்லிமீட்டர்.

அந்தச் சுவரின்மேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வேர் சிகிச்சையில் உள்ளே அடைப்பது கெட்டா பெர்ச்சா. பெயரே மலாய், இந்தத் தீபகற்பத்துக் காட்டு மரத்தின் பால். ஆணிக்கு இடம் துளைக்கும்போது அந்தக் கெட்டாவும், அதோடு பூசிய அடைப்பு மருந்தும், பல் தூளும் குழைந்து சுவரில் மெழுகுபோல் படிகின்றன. அதைக் கழுவி எடுக்காமல் ஒட்டினால் பசை மெழுகைத்தான் பிடித்துக்கொள்ளும், பல்லை அல்ல. 17 விழுக்காடு இடிடிஏ திரவத்தால் கழுவுவதும், அதிர்வுக் கருவியின் முனையை உள்ளே விட்டுச் சுத்தம் செய்வதும், உருப்பெருக்கிக் கண்ணாடி போட்டு உள்ளே பார்ப்பதும் இதற்காகத்தான்.

அடுத்தது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. தற்காலிக அடைப்பு “கிராம்பு வாசம் அடித்தது” என்கிறீர்கள். அது யூஜெனால், கிராம்பெண்ணெயின் சாரம். வலிக்கு நல்லது. ஆனால் பிசின் வகைப் பசை இறுகுவதை அது தடுக்கும். ரப்பர் பால் உறைந்துவிடாமலிருக்க வாளியில் அமோனியா விடுவதைத் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரி. ஆல்கஹாலாலும் இடிடிஏயாலும் நன்றாகக் கழுவிவிட்டால் பெரிய கேடு இல்லை. கழுவாவிட்டால் பசை உள்ளே அரைகுறையாகவே கிடக்கும். வேரைக் கிருமி நீக்கப் பயன்படும் ஹைப்போகுளோரைட் திரவத்தைக் கடைசிக் கழுவலாக விட்டாலும் இதே சிக்கல் வரும், அதிலிருந்து வெளிவரும் ஆக்சிஜனால்.

மூன்றாவது ஈரம். உங்கள் வாயில் பஞ்சுச் சுருள் வைத்தார்களாம், ரப்பர் திரை போடவில்லையாம். எச்சில் புகாமல் பல்லை மட்டும் வெளியே விடும், ரப்பர் டேம் என்ற அந்தத் திரை 1864-இல் நியூயார்க்கில் ஒரு பல் மருத்துவர் தொடங்கி வைத்த பழக்கம். நம் பெற்றோர் விடியற்காலையில் வெட்டிய பாலில் இப்படி எத்தனையோ திரைகள் ஆகியிருக்கும். நம் வாய்க்குள் போடத்தான் ஆளில்லை. எச்சில் ஒரு துளி உள்ளே போனாலும் அதுவரை செய்த சுத்தம் வீண். அளவு பார்க்க ஆணியை உள்ளே விட்டு எடுத்த பிறகு அதை ஆல்கஹாலால் துடைக்க வேண்டும், துடைத்த பிறகு கையுறையால்கூடத் தொடக்கூடாது.

பசையை ஊற்றும் முறையும் இருக்கிறது. மெல்லிய குழல் முனையால் அடியிலிருந்து மேலாக நிரப்பிக்கொண்டு வர வேண்டும். ஆணியில் தடவி உள்ளே குத்தினால் காற்றுக் குமிழிகள் சிக்கிக்கொள்ளும். சாதாரண அடைப்பில் பசை இறுகிச் சுருங்கும்போது இழுபடாமல் ஓடிக்கொள்ளத் திறந்த முகம் இருக்கிறது. வேர்க்குழாயில் எல்லாப் பக்கமும் சுவர். ஒட்டிய பரப்புக்கும் ஒட்டாத பரப்புக்கும் உள்ள விகிதம் அடைப்பில் ஒன்று முதல் ஐந்துக்குள் இருக்கும், வேருக்குள் 200-ஐத் தாண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தச் சுருக்கமே பசையைச் சுவரிலிருந்து உரித்துவிடும். ஆகவே பசைப் படலம் மெல்லியதாக இருப்பது நல்லது. உங்கள் வேர்க்குழாய் அகலமாகி ஆணி தொளதொளவென்று இருந்தால், ஆணியின்மேல் கம்போசிட் என்ற அடைப்புப் பிசினைப் பூசிக் குழாயின் அச்சுக்கே வார்த்துக்கொண்டு பிறகு ஒட்டுவார்கள். பசையை இறுக வைக்கும் நீல விளக்கின் ஒளி அடிவரை இறங்காது; அதனால் ஒளியாலும் தானாகவும் இறுகும் இருவழிப் பசைதான் இங்கே வேண்டும். தானே பல்லைப் பிடித்துக்கொள்ளும் பசை வகை ஒன்றும் இருக்கிறது; அதற்கு முன் பாஸ்பாரிக் அமிலத்தால் வேரின் சுவரை அரிக்கக்கூடாது. தயாரிப்பாளரின் தாள் என்ன சொல்கிறதோ அதுதான்.

ஆணியின் பக்கம் உங்களுக்குப் பிரச்சினை இல்லை என்பதால் சுருக்கமாக: ஆல்கஹால், பிறகு சைலேன் என்ற இணைப்பு மருந்து. சிலர் 24 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடில் பத்து நிமிடம் ஊறவைத்து மேற்பிசினைக் கரைத்து, கண்ணாடி இழை வெளியே தெரிய விடுவார்கள்; சைலேன் பிடிக்க அது உதவும். பீங்கானுக்குப் போடும் ஹைட்ரோபுளோரிக் அமிலத்தை இதில் போட்டால் கண்ணாடி இழையையே தின்றுவிடும்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்ய எனக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். உங்கள் இரண்டாவது ஒட்டு பத்து நிமிடத்தில் முடிந்தது. காசு வாங்காமல் செய்தது அவர்களின் நல்ல மனம்தான். ஆனால் பழைய பசையும் பழைய மெழுகும் அப்படியே இருக்க, அதன்மேல் புதுப் பசை போட்டிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. வேரைப் பார்க்காமல் இதை நான் சத்தியம் செய்து சொல்ல முடியாது.

ஈறுக்கு மேலே எவ்வளவு பல் இருக்கிறது?

இந்தக் கேள்விக்கான பதில் சரியில்லை என்றால் மேலே எழுதியதெல்லாம் தண்ணீரில் எழுதியதுதான். ஆணியின் வேலை கேப்புக்கு அடியிலுள்ள கட்டையைப் பிடித்து வைப்பது மட்டுமே. கேப்பைத் தாங்க வேண்டியது உங்கள் சொந்தப் பல். மண்வெட்டிப் பிடி பிளக்காமலிருக்க அதன் முனையில் இரும்பு வளையம் போடுகிறோமே, அப்படிக் கேப்பின் விளிம்பு நல்ல பல்லைச் சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்குக் கவ்வியிருக்க வேண்டும். முறிவு ஈறுக்கு அருகில் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கவலை வந்தது இதனால்தான். அந்தக் கவ்வல் இல்லாவிட்டால் ஒவ்வொரு கடியிலும் முழு நெம்பும் பசையின் தலையில் விழும். உலகத்தின் எந்தப் பசையும் அதை ஆண்டுக்கணக்கில் தாங்காது.

இல்லை என்று தெரிந்தால் இரண்டு வழிகள் உண்டு. ஈறையும் எலும்பையும் கொஞ்சம் சீவி உள்ளே புதைந்திருக்கும் பல்லை வெளிக்காட்டுவது ஒன்று. முன்பல்லில் இதனால் ஒரு பல் மட்டும் நீளமாகத் தெரியும். வேரைக் கம்பி கட்டிச் சில வாரங்களில் மெதுவாகக் கீழே இழுத்துக்கொள்வது மற்றொன்று. பொறுமையும் பணமும் வேண்டும், ஆனால் முன்பல்லுக்கு இதைத்தான் நான் முதலில் யோசிப்பேன். வேரின் நீளம் இரண்டுக்கும் இடம் கொடுக்க வேண்டும்.

எக்ஸ்ரே எடுக்கும்போது இன்னும் இரண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். வேர் பிளந்திருக்கிறதா? ஈறில் சிறு கொப்புளம், ஒரே இடத்தில் மட்டும் ஊசிபோல ஆழமாக இறங்கும் இடைவெளி, இவை அதன் அறிகுறிகள். பிளந்திருந்தால் ஒட்டும் பேச்சே இல்லை. வேரின் நுனியில் நான்கைந்து மில்லிமீட்டர் கெட்டா அடைப்பு கெடாமல் இருக்கிறதா? குழாய் வாரக்கணக்கில் எச்சிலில் திறந்து கிடந்திருந்தால் வேர் சிகிச்சையையே மறுபடி செய்ய வேண்டிவரலாம். ஆகவே “அடுத்த மாதச் சம்பளம் வரட்டும்” என்று தள்ளிப்போடாதீர்கள். திறந்த குழாயை மூடி ஒரு தற்காலிக அடைப்பாவது இந்த வாரமே போட்டுக்கொள்ளுங்கள், கிராம்பு வாசம் இல்லாத வகையில்.

மைத்துனர் சொல்லும் இம்பிளாண்ட் கெட்ட யோசனை அல்ல, அவசரமான யோசனை. வேர் பிளந்திருந்தால் அதுவும் ஒரு வழி, பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் பாலம் ஒரு வழி, கழற்றி மாட்டும் பல் ஒரு வழி. ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இம்பிளாண்ட் எலும்போடு சேர்வதிலும் புண் ஆறுவதிலும் சிக்கல் கூடுகிறது. உங்கள் மூன்று மாதச் சர்க்கரை அளவை நீங்கள் எழுதவில்லை. வேர் நன்றாக இருக்கும்போது அதைப் பிடுங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

பணமும் புகாரும்

நான் வழக்கறிஞர் அல்ல, தெரிந்தவரை சொல்கிறேன். பயனீட்டாளர் நடுவர் மன்றம் இதற்கான இடமில்லை. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தொழில்முறையாளர்கள் தரும் சிகிச்சைச் சேவையைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. பல் மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் மலேசியப் பல் மருத்துவ மன்றத்துக்குப் போகும். 2022 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் 2018-ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டத்தின் கீழ் அது விசாரிக்கும். ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும், உங்கள் 2,000 ரிங்கிட்டை வாங்கித் தராது. 5,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளுக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே நடக்கும் சிறு வழக்கு முறை உண்டு. ஆனால் அங்கே, கேப் விழுந்தது என்று காட்டினால் போதாது. கவனக்குறைவு இருந்தது என்று காட்ட வேண்டும். கவனமாகச் செய்த ஆணியும் சில நேரம் கழலும். என்னுடையவையும் கழன்றிருக்கின்றன.

என்னைக் கேட்டால் முதலில் அதே கிளினிக்குக்குப் போங்கள். சண்டைக்கு அல்ல. நடந்ததைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, எக்ஸ்ரே நகலையும் எந்தப் பசை, எந்த ஆணி என்ற விவரத்தையும் கேளுங்கள். சூப்பர் குளூவை மறைக்காதீர்கள், எப்படியும் தெரிந்துவிடும். மூன்று கேள்விகள் கேட்டால் போதும்: சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் பல் இருக்கிறதா, ரப்பர் திரை போட்டுச் செய்வீர்களா, பழைய பசையை முழுக்க எடுத்துவிட்டுப் புது ஆணி போடுவீர்களா? இவற்றுக்கு நின்று பதில் சொல்கிறவரிடம் திரும்பவும் செய்துகொள்ளலாம், செலவில் ஒரு பகுதியைக் குறைக்கச் சொல்லியும் கேட்கலாம். முகத்தைச் சுளித்தால் வேறு இடம் பாருங்கள். பீடோங் பக்கம் செமெலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் புலம் இருக்கிறது. மாணவர்கள் விரிவுரையாளர் மேற்பார்வையில் செய்வார்கள். நேரம் அதிகம் பிடிக்கும். இந்த வேலைக்கு அந்த மெதுவே நல்லது, கட்டணமும் பொதுவாகத் தனியாரைவிடக் குறைவு. அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டினால் நிபுணருக்கு எழுதிக் கொடுப்பார்கள். வரிசை நீளம் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

போகும்போது மாத்திரை டப்பாவை அப்படியே எடுத்துச் செல்லுங்கள், கழுவாமல், சுரண்டாமல். கைப்பேசிப் படத்தையும் கடைசியாக எடுத்த சர்க்கரைச் சோதனைத் தாளையும் காட்டுங்கள். புதிதாக ஒட்டிய பிறகு ஒரு நாள் முழுக்க அந்தப் பல்லால் எதையும் கடிக்க வேண்டாம். உள்ளே ஒளி படாத ஆழத்தில் பசை அப்போதும் இறுகிக்கொண்டிருக்கும். முறுக்கைக் கடைவாய்ப் பக்கம் ஒதுக்கிக்கொள்ளுங்கள், அந்தப் பக்கத்து ஆணிதான் 18 வருடமாக நிற்கிறதே.